மகமை போக மீதி

போர்ஷே 911 காரெராவின் புதிய பதிப்பு 2024-இல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 1 கோடியே 99 லட்ச ரூபாய். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம்; 2023 நவம்பரிலிருந்து இதுதான் விகிதம். ஆக, சாலை வரி மட்டுமே ஏறத்தாழ 40 லட்சம். காப்பீடும் சேர்ந்தால் 2 கோடியே 40 லட்சத்தைத் தாண்டிவிடும். கம்பெனி பெயரில் வாங்கினால் வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவு கிடையாது. சொந்தப் பெயரில் வாங்கினால் தேய்மானமும் கிடையாது.

சிவகாசியில் பட்டாசு ஆலை நடத்துகிற ஒரு குடும்பத்தின் இளையவர் கேட்டதற்கு, ஆடிட்டராக நான் எழுதிக் கொடுத்த பதில் இவ்வளவுதான். அவருடைய அப்பாவை அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பழகியவள் நான். இவர் எனக்குத் தம்பி; இவருக்கு நான் அக்கா. தாளை வாங்கிப் படித்துவிட்டு, “கணக்கு சரிக்கா. வாங்கலாமா வேண்டாமான்னு நீங்க சொல்லலையே” என்றார். காருக்குப் பதிலாக வேறு சிலவும் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு இன்னோவா வாங்கிவிட்டு மீதிக்கு மதுரை ரிங் ரோட்டுப் பக்கம் நிலம்; அல்லது இதில் பாதி விலைக்கு வேறொரு ஜெர்மன் கார்; அல்லது பணத்தை ஆலையிலேயே போட்டுவிடுவது.

தேய்மான விகிதத்தை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்த வகுப்பில் நான் படித்ததும், விருதுநகர் வத்தல் மண்டியில் என் அப்பா எழுதிவந்த பேரேடும் இந்தக் கேள்விக்குள் வருகின்றன. அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். தம்பியின் நண்பர் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து தன் 911-ஐ எடுத்துக்கொண்டு வந்திருந்தார். விருதுநகரிலிருந்து சாத்தூர் வரை நான்குவழிச் சாலையில் தம்பி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். தரையோடு தரையாக உட்காரவேண்டியிருக்கிறது. முழங்கால் வலிக்காரிக்கு அதில் ஏறுவதே பெரும்பாடு. ஆனால் வண்டி கிளம்பியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் எழுந்து வருகிறது. இந்தக் காருக்கு எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. ஆறு சிலிண்டர்கள், இருபுறமும் படுத்த வாக்கில். 1963-இல் பிராங்பர்ட் கண்காட்சியில் முதல் 911 வந்த நாள் தொட்டு அந்த இடம் மாறவில்லை. அவ்வளவு எடையைப் பின்னால் வைத்தால் வளைவில் வால் வீசும் என்று எல்லோரும் சொல்லியும், அறுபது ஆண்டுகளாக அந்தக் கம்பெனியின் எஞ்சினியர்கள் அதையே பிடித்துக்கொண்டு, குறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக்கி, இன்று குறையே தெரியாத இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரே காரியத்தை அத்தனை காலம் கைவிடாமல் செய்வதைத் தவம் என்றுதான் நான் சொல்வேன். எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியைத் தாண்டிய பிறகு தம்பி ஒருமுறை ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். நெஞ்சு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயதுக்கும் தொழிலுக்கும் பொருந்தாத சந்தோஷம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். அது நல்ல சந்தோஷம்.

ஆகவே ‘வேகம் எதற்கு, ஆடம்பரம் எதற்கு’ என்று தொடங்குகிற உபதேசத்தில் எனக்கு உடன்பாடில்லை. விருதுநகரில் இந்தப் பேச்சு வந்தாலே யாராவது காமராஜரை இழுத்துவிடுவார்கள். ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்தும், 1975-இல் சென்னையில் வாடகை வீட்டில்தான் காலமானார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் குடும்பமே வேண்டாம் என்று பொதுவாழ்வுக்குப் போனவர். கல்யாணம் செய்து, தொழில் நடத்தி, ஐந்நூறு பேருக்குச் சனிக்கிழமைதோறும் கூலி கொடுத்தாகவேண்டிய ஒருவரைக் காமராஜரைக் காட்டி வாயடைப்பது நியாயமில்லை. பிறகு என் கைவளையல் வரைக்கும் அந்தக் கேள்வி வரும். லாக்கரில் பூட்டிவைத்த தங்கத்தை எங்கள் ஊரில் யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. காரையாவது ஓட்டலாம்; தங்கம் சும்மா கிடக்கிறது.

சித்தாந்தமும் நுகர்ச்சியைப் பழிப்பதில்லை. உயிருக்கு இறைவன் கூட்டித் தருபவை நான்கு என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள்: தனு, கரணம், புவனம், போகம். உடம்பு, அறியவும் செய்யவும் கருவிகள், வாழ ஓர் உலகம், நுகரப் பொருள்கள். நான்காவதாகப் போகம் நிற்பதைக் கவனிக்க வேண்டும். ஏமாற்றுவதற்காக அது தரப்படவில்லை. உயிர் பக்குவப்படுவதற்காகத் தரப்படுகிறது. முன்வினையில் இந்தப் பிறவிக்கென்று வந்த பங்கு பிராரத்தம். அதை நுகர்ந்துதான் கழிக்க வேண்டும். தவிர்த்துக் கழிக்க முடியாது. இன்பமும் அப்படித்தான், துன்பமும் அப்படித்தான். ஆனால் நுகரும்போதே ‘நான்’, ‘எனது’ என்ற முனைப்பு எழுந்தால் அது புது வினையாக ஏறுகிறது. அதற்கு ஆகாமியம் என்று பெயர். பழைய கடனை அடைக்க உட்கார்ந்த இடத்திலேயே புதுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது அது.

இதை வைத்துப் பார்த்தால் தம்பியின் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. அந்தக் காரை ஓட்டும் இன்பம் ஒன்று. அந்தக் காரைச் சொந்தமாக வைத்திருப்பது வேறொன்று. இரண்டும் ஒரே விலைச்சீட்டில் ஒட்டிக்கொண்டு வருவதால் நமக்கு ஒன்றாகத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால், ஓட்டும் இன்பத்துக்கு மேல் சொந்தம் கூடுதலாக என்ன தருகிறது?

ஓட்டுவதற்கு இடங்கள் இருக்கின்றன. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. 2 கோடியே 40 லட்சத்தை வங்கியில் போட்டு 7 சதவீத வட்டி என்று வைத்தால், ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம். அசலைத் தொடாமல் அந்த வட்டியில் பயிற்சி எடுக்கலாம், தடத்தில் ஓட்டலாம், ஆசைப்பட்டால் ஜெர்மனிக்கே போய் ஓட்டிவிட்டு வரலாம். தம்பி அஜித் ரசிகர். 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அதுவும் 911 வகைக் காரில்தான். அந்தப் பந்தயத்தில் ஒரே காரை ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுகிறார்கள். ஒருவர் இறங்க இன்னொருவர் ஏறுகிறார். யார் கையில் ஸ்டியரிங் இருக்கிறதோ அவருக்கு அந்த நேரத்தில் முழு இன்பம். கார் யாருடையது என்பது அந்த இன்பத்தில் ஒரு துளியும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை.

சிவகாசியில் அதே கார் என்ன செய்யும்? அடிப்பாகம் தரையை உரசும் உயரம். நம் தெருக்களில் வேகத்தடைக்கு அளவும் கிடையாது, கணக்கும் கிடையாது. பேப்பர் ரீல் ஏற்றிய லாரியும், கிராமங்களுக்கு ஆளேற்றப் போகும் கம்பெனி வேனும், பார்சல் ஆபீஸ் வாசலில் நிற்கும் மினி லாரியும் போக மிஞ்சிய இடத்தில்தான் அது ஊர்ந்து போக வேண்டும். நான்குவழிச் சாலைக்கு வந்தாலும் சட்டம் அனுமதிக்கும் வேகம் அதன் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். சர்வீஸ் என்றால் சென்னைக்கோ கொச்சிக்கோ ஏற்றி அனுப்ப வேண்டும். வாரத்தில் ஆறு நாள் உறை போர்த்தி ஷெட்டில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு மணிநேரம் வெளியே வரும். அந்த ஒரு மணிநேரத்திலும் வண்டியை ஓட்டுவதைவிட ஊர் பார்ப்பதுதான் அதிகம் நடக்கும். ஆக, சொந்தம் கூடுதலாகத் தருவது ஒன்றே ஒன்று: மற்றவர்களிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்ற நினைப்பு. விலையின் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. சித்தாந்தம் புது வினை என்று விரல்வைத்துக் காட்டும் இடமும் அதுவேதான்.

இதை நான் சிவகாசிக்காரரிடம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த ஊர் செய்கிற சரக்கைப் பாருங்கள். புஸ்வாணத்தையோ சங்கு சக்கரத்தையோ ராக்கெட்டையோ எவரும் வைத்திருப்பதற்காக வாங்குவதில்லை. வெடியுப்பும் கந்தகமும் கரியும் அலுமினியப் பவுடரும் சேர்ந்து, ஆறேழு பேர் கைமாறி, வெயிலில் காய்ந்து, பெட்டியில் அடுக்கப்பட்டு, எங்கோ ஒரு தெருவில் சில நொடிகளில் எரிந்து முடிகிறது. வாங்கியவர் ஒருவர், பார்ப்பவர் தெரு முழுக்க. வானத்தில் விரிந்த பூவுக்குப் பில் வைத்திருப்பவர் உரிமை கொண்டாட முடியாது. சொந்தம் இல்லாமலே சந்தோஷம் கிடைக்கும் என்பதை நிரூபித்துத்தான் அந்த ஊர் தலைமுறைகளாகப் பிழைத்து வருகிறது.

பயன்பாட்டை மட்டும் அளவுகோலாக வைத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் அந்தக் காரைவிடப் பெரிய விரயம். அத்தனை மரம், அத்தனை சிற்பம், அத்தனை செலவு, ஓடுவது ஆடிப்பூரத்துக்கு. முன்பெல்லாம் நிலைக்கு வந்து சேரவே நாள்கணக்கில் ஆகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனாலும் அதை வீண் என்று சொல்ல இந்த மாவட்டத்தில் ஒருவருக்கும் வாய் வராது. வடத்தில் ஆயிரக்கணக்கான கைகள் இருக்கின்றன, அதனால். பொருள் பெரியதாக இருப்பதும் அழகாக இருப்பதும், ஏன், வருஷம் முழுக்கச் சும்மா நிற்பதும்கூடக் குற்றமில்லை. யார் கையில் வடம் இருக்கிறது என்பதை மட்டும்தான் நான் பார்க்கிறேன்.

இனி, பணம் வந்த வழி.

கரிசல் காடு, மழை பொய்க்கும் பூமி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அங்கிருந்து வத்திப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று ஊர் வளர்ந்தது. அதற்கும் முன்பே விருதுநகர் வியாபாரிகள் மகமை என்று ஒன்றை நடத்திவந்தார்கள். விற்கிற மூடைக்கு இவ்வளவு என்று சரக்கோடு சரக்காகப் பிடித்து, தங்கள் சமூக அமைப்பான உறவின்முறையின் பொதுநிதியில் சேர்ப்பார்கள். அதிலிருந்து பேட்டை, கிணறு, கோயில் என்று வந்தன. 1880-களில் தொடங்கிய க்ஷத்ரிய வித்தியாசாலை அந்த மகமையில் நடந்தது. வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியிலும் நடந்தது. காமராஜர் படித்த பள்ளி அதுதான்.

என் அப்பா ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதினார். வத்தல், மல்லி, பயறு. அவர் எழுதிய சிட்டைகளை நான் சிறுவயதில் கூட்டிச் சரிபார்த்திருக்கிறேன். மகமை ஒவ்வொரு பில்லிலும் ஒரு வரியாக வரும். லாபம் எவ்வளவு என்று தெரிவதற்கு முன்பே அது கழிந்துவிடும். வருஷக் கடைசியில் மிஞ்சியதைப் பார்த்து, மனமிருந்தால் கொடுப்பது தர்மம். மகமை தர்மம் அல்ல; நஷ்டம் வந்த மூடைக்கும் மகமை உண்டு. இது முதலிலேயே என்னுடையது அல்ல என்று ஒத்துக்கொண்டு வியாபாரத்தைத் தொடங்குவது. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்து, அதற்கு முன்னால் ஒப்புரவுக்குத் தனியாக ஓர் அதிகாரம் வைத்ததன் பொருத்தம் எனக்கு அந்தச் சிட்டைகளில்தான் விளங்கியது.

மகமையைப் புனிதமாக்கிப் பேசுவதும் தவறு. அது ஒரு சமூகம் தனக்குள் கட்டிக்கொண்ட நிதி. பள்ளிக்கூடத்தின் கதவு மற்றவர்களுக்கும் திறந்தது. ஆனால் பட்டாசு ஆலையின் மருந்து அறையில் உட்கார்ந்திருப்பவரின் வீடு வரைக்கும் அந்த நிதி போய்ச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது.

மருந்து அறையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். இரும்புக் கருவி கூடாது. உராய்வில் பொறி வரும். அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே செலுத்தி முடிக்க வேண்டும். மிச்சம் வைத்தால் அது தானாகச் சூடேறும். கூலியோ எண்ணிக்கைக்கு. எண்ணிக்கைக் கூலி கையை வேகப்படுத்தும். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் அதை இன்னும் வேகப்படுத்தும். உரிமம் வாங்கியவர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டால் யார் எதைக் கலக்கிறார் என்று எவருக்கும் தெரியாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஆலை வெடித்து நாற்பது பேரளவில் செத்துப்போனார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். 2023 அக்டோபர் 17-இல் ஒரே நாளில் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும். 2025 ஜூலை 1-இல் சின்னக்காமன்பட்டி. ரெங்கபாளையத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த நிதி தலா 3 லட்சம். சின்னக்காமன்பட்டிக்கு 4 லட்சம்.

அந்தக் காரின் சாலை வரி 40 லட்சம் என்று முதல் பத்தியில் எழுதினேன்.

இதைச் சொன்னபோது தம்பிக்கு முகம் சுருங்கியது. “நம்ம ஆலையில அப்படி எதுவும் நடந்ததில்லக்கா” என்றார். அது உண்மை. நாக்பூரில் உள்ள மத்திய வெடிபொருள் துறையின் உரிமம் உள்ள ஆலை, உள்குத்தகை கிடையாது, காப்பீடு தவறியதில்லை, நான்தான் கணக்குப் பார்க்கிறேன். நடந்ததற்கு அவரை நான் பொறுப்பாக்கவில்லை. பட்டாசுத் தொழிலே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு, வேலை குறைந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரியும். நான் சொல்வது வரிசை. பில்லில் மகமை எங்கே இருந்ததோ அந்த இடத்தில் இன்று என்ன இருக்கவேண்டும்? மருந்து கலக்கும் வேலையை மனிதர் கையிலிருந்து எவ்வளவு தூரம் விலக்க முடியுமோ அவ்வளவுக்கு இயந்திரம். காயப்போடும் தளத்துக்கு நிழலும் தண்ணீரும். எண்ணிக்கைக் கூலிக்குப் பதில், மருந்து அறைக்காவது நாள்கூலி. தீக்காயம் பட்டவருக்கு அரசு அறிவிப்புக்குக் காத்திருக்காத ஒரு நிதி. இவை லாபத்திலிருந்து எடுத்துச் செய்யும் உபகாரம் அல்ல. லாபம் என்று ஒன்றை எழுதுவதற்கு முன்பே கழிய வேண்டியவை. கழிந்த பிறகும் 2 கோடியே 40 லட்சம் மிஞ்சினால் அது மெய்யாகவே மீதி. அதில் போகத்தை நுகரட்டும். நான் தடத்தில் ஓட்டச் சொல்வேன். வாங்கித்தான் தீருவேன் என்றால், அது அவருக்கும் அவர் ஆண்டவனுக்கும் நடுவே உள்ள கணக்கு. அதை நான் தணிக்கை செய்ய மாட்டேன்.

பணக்காரர் செலவழித்தால்தானே நாலு பேருக்கு வேலை என்று ஒரு வாதம் உண்டு. இந்தக் காரில் அந்த வேலை ஜெர்மனியில் நடக்கிறது. நமக்கு வரி வருகிறது. வரியும் நல்லதுதான். ஆனால் இந்த வாதத்தை நாங்கள் இருவரும் அதிக நேரம் பேசவில்லை.

அவர் கேட்டதில் என்னை நிறுத்தியது வேறு. “அப்பா கல்யாண மண்டபம் கட்டி, வாசல்ல கிரானைட்ல பேர் வெட்டினாங்க. ஊரே வந்து மாலை போட்டுச்சு. அதுல ‘எனது’ இல்லையா அக்கா? நான் காரு வாங்கினா மட்டும் வினை ஏறுமா?”

ஏறும், இரண்டிலும் ஏறும். சித்தாந்தம் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. தீவினை இரும்பு விலங்கு என்றால் நல்வினை பொன் விலங்கு. இரண்டின் பயனையும் ஒன்றுபோலப் பார்க்கிற நிலைக்கு இருவினையொப்பு என்று பெயர். அது வந்த பிறகுதான் மேற்கொண்டு வழி. ‘நான் கொடுத்தேன்’ என்று கல்லில் வெட்டியவரும், ‘என்னிடம் இருக்கிறது’ என்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டியவரும் அந்த வகையில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். மண்டபத்தில் ஏழை வீட்டுக் கல்யாணமும் நடக்கிறது என்பது ஊருக்கு வித்தியாசம், பெரிய வித்தியாசம். கட்டியவரின் உயிருக்கு அல்ல. இதை அண்ணாச்சியிடம் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. தம்பியிடம் சொன்னேன். மகமையில் அந்தச் சிக்கல் குறைவு என்பதையும் சொன்னேன். மூடைக்கு இவ்வளவு என்று பிடித்த பணத்தில் எந்த மூடை எந்தப் பள்ளிக்கூடப் பெஞ்சுக்குப் போனது என்று எவருக்கும் தெரியாது. அப்பாவின் சிட்டையில் ‘மகமை’ என்ற சொல்லும் அதற்கு நேராக ஒரு தொகையும் மட்டும்தான் இருக்கும்.

தம்பி கோயம்புத்தூரில் பந்தயப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். கார் பேச்சைத் தீபாவளி வசூல் முடியும் வரை தள்ளிவைத்திருக்கிறோம். கலவை இயந்திரத்துக்கு விலைப்புள்ளி வாங்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறார், ஒன்று வந்துவிட்டது. மருந்து அறைக்கு நாள்கூலி என்றால் உற்பத்தி எவ்வளவு குறையும் என்று ஃபோர்மேனைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அந்தக் கணக்குத்தான் கஷ்டமானது. அதை அண்ணாச்சியையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் போட வேண்டும்.